முதியோர் இல்லத்தில் கிருமி: சிஸ்டர் பதில்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதியோர் இல்லங்களைப் பற்றித்தான். தோட்டத்து வீட்டைக் காலி செய்து கொடுத்தாகிவிட்டது, பிள்ளைகளுக்கு ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை, அதனால் காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டிய அம்மா அப்பாக்கள் ஏதோ ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வரிசை வீட்டை மாற்றிக் கட்டிய இல்லத்தில் இருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் இல்லங்களின் பெயரையும் போடவில்லை, கேட்காதீர்கள்.

கேள்வி: சிஸ்டர், அம்மா இங்கே ஒரு இல்லத்தில் இருக்கிறார். இரண்டு மாதமாக இரவானால் ஒரே அரிப்பு. இப்போது அதே அறையில் இருக்கும் மற்ற பாட்டிமார்களும் சொறிகிறார்கள். கேட்டால் வெயில், வியர்க்குரு என்று பவுடர் போடுகிறார்கள். வாராவாரம் பாட்டி மடியில் போய் உட்காரும் என் மகளும் சொறிய ஆரம்பித்துவிட்டாள். (ஈப்போவிலிருந்து ஒரு மகள்)

பதில்: வியர்க்குரு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது அம்மா. இரவில் கூடும் அரிப்பு, ஒரே அறையில் பல பேர், மடியில் உட்கார்ந்த பிள்ளைக்கும் வந்திருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சொறிதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பூச்சி தோலுக்குள் குடைந்து போய் முட்டையிடுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, மார்புக்கு அடியில் பாருங்கள். அழுக்காக இருப்பவருக்குத்தான் வரும் என்று இல்லை, தினமும் இரண்டு வேளை குளிப்பாட்டும் இல்லத்திலும் வரும், ஏனென்றால் அது தோலோடு தோல் ஒட்டுவதால் பரவுவது. குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, கட்டிப்பிடிப்பது எல்லாமே அதற்கு வழிதான்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதாவது இன்றைக்குச் சொறியாத பாட்டிக்கும், சமையல் செய்யும் அக்காவுக்கும், உங்களுக்கும் அது ஏற்கெனவே இருக்கலாம். அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து போட்டால் அவர் குணமாகும் நேரத்தில் பக்கத்துக் கட்டிலுக்கு வரும், பிறகு அங்கிருந்து திரும்ப இவருக்கே வரும். அதனால் இல்லத்தில் இருப்பவர், வேலை செய்பவர், வந்து போய் தொட்டுப் பழகும் குடும்பத்தார் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து. இதைச் செய்ய மனமில்லாத இல்லத்தில் ஆறு மாதமானாலும் சொறி போகாது.

மருந்தை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். அதிகம் கொடுப்பது 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். இரவு பூசி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. வயதானவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே பூசினால் போதாது, தலை, காதுக்குப் பின்னால், நகத்துக்கு அடியில், தொப்புளில் எல்லாம் பூச வேண்டும், கண்ணில் மட்டும் படக்கூடாது. ராத்திரி பெம்பர்ஸ் மாற்றும்போது அந்த இடத்துக் கிரீம் துடைபட்டுப் போய்விடும், கை கழுவினாலும் அப்படித்தான். அங்கே திரும்பப் பூசுங்கள், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அன்றைக்கே போர்வை, தலையணை உறை, துணி எல்லாம் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும், 60 டிகிரி இருந்தால் நல்லது. துவைக்க முடியாத சால்வை, பொம்மை போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மனிதத் தோலை விட்டுப் பிரிந்தால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த அறையில் யாருக்காவது கையிலோ முழங்கையிலோ செதில் செதிலாக, பக்கு கட்டினாற்போல் தோல் தடித்திருக்கிறதா? அரிப்பே இல்லாமல்கூட இருக்கலாம். அது சொறியிலேயே கடுமையான வகை, சாதாரணமாகப் பத்துப் பதினைந்து பூச்சி இருக்கும் உடம்பில் ஆயிரக்கணக்கில் இருக்கும், மொத்த இல்லத்துக்கும் அந்த ஒருவரிடமிருந்தே பரவிக்கொண்டிருக்கலாம். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இல்லத்து முதலாளியிடம் சண்டை போடாமல், உங்கள் மகளை கிளினிக்கில் காட்டி, டாக்டர் சொன்னதை அவரிடம் காட்டுங்கள், அதற்கு மேல் வியர்க்குரு என்று சொல்வது கஷ்டம்.

கேள்வி: நான் இல்லத்தில் வேலை செய்கிறேன் சிஸ்டர். பகலில் நாங்கள் இரண்டே பேர், இருபதுக்கு மேல் தாத்தா பாட்டிகள். வாரத்துக்குக் கையுறை ஒரு பெட்டிதான், கூடக் கேட்டால் சத்தம். அதனால் ஒரே கையுறையோடு நாலைந்து பேருக்கு பெம்பர்ஸ் மாற்றிவிடுகிறோம், நடுவில் மேலேயே சானிடைசர் தேய்த்துக்கொள்கிறோம். தப்பா?

பதில்: தப்புதான். அப்படிப் போட்ட கையுறை உங்கள் கையை மட்டும் காப்பாற்றுகிறது, ஒரு பாட்டியின் மலத்தில் இருந்ததை அடுத்த பாட்டியின் மூத்திரத் துவாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. வெறுங்கையாக இருந்தாலாவது அருவருப்பில் கழுவியிருப்பீர்கள். சானிடைசர் கைக்குத்தான், கையுறைக்கு இல்லை, ரப்பர் கெட்டு ஓட்டை விழும். உலகத்துக்கே கையுறை செய்து அனுப்புகிற நாட்டில், ரப்பர் மரம் வெட்டியே வயதான ஒரு அம்மாவுக்கு ஒரு புது ஜோடி மிச்சமில்லை என்பதை முதலாளியிடம்தான் கேட்க வேண்டும், உங்களிடம் இல்லை.

ஆனால் அவர் மனம் மாறும் வரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். நிறைய இல்லங்களில் கையுறை தீர்ந்துபோவது தேவையில்லாத இடத்தில் போடுவதால். சோறு ஊட்ட, மைலோ கொடுக்க, தலை சீவ, சக்கர நாற்காலி தள்ள, சட்டைப் பொத்தான் போட, கையைப் பிடித்து நடத்த கையுறை எதற்கு? மலம், மூத்திரம், இரத்தம், சளி, புண், வாய்க்குள் கை விடும் வேலை, இவற்றுக்குத்தான் அது. அங்கே ஆளுக்கு ஒரு ஜோடி, கண்டிப்பாக. ஒரே ஆளுக்கே மலத்தைத் துடைத்த கையுறையோடு புண்ணுக்கு மருந்து போடக்கூடாது, கழற்றிவிட்டு வேறு. கழற்றிய பிறகும் கை கழுவ வேண்டும், கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், கழற்றும்போதே கையில் படும்.

கை சுத்தம் எப்போது என்றால், ஆளைத் தொடும் முன், டியூபையோ புண்ணையோ கையாளும் முன், அசுத்தம் பட்ட பின், ஆளை விட்டு நகரும் போது, அப்புறம் ஆளையே தொடாமல் அவர் கட்டிலையோ மேசையையோ மட்டும் தொட்டிருந்தாலும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து நேரமும் இவைதான். கண்ணுக்கு அழுக்குத் தெரியாவிட்டால் ஆல்கஹால் சானிடைசர் போதும், 20, 30 விநாடி, கை காயும் வரை. அழுக்குப் பட்டிருந்தாலோ, இல்லத்தில் வயிற்றுப்போக்கு நடந்துகொண்டிருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான், 40 விநாடிக்குக் குறையாமல். போத்தலைச் சுவரில் மாட்டி வைத்தால் மறதி நோய் உள்ள தாத்தா எடுத்துக் குடித்துவிடுவார், நடந்திருக்கிறது. சின்னப் போத்தலாக உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மோதிரமும் வளையலும் வேலைக்கு வரும்போது வேண்டாம். பெம்பர்ஸ் மாற்றும் வரிசையில் பேதி உள்ளவரைக் கடைசியாக வையுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறீர்கள்? சம்பளம் பிடிப்பார்கள் என்று பனடோல் போட்டுக்கொண்டு வருகிறீர்கள், இல்லையா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதல் இரண்டு வருடத்தில் இருக்கும் தொழிலாளிக்கே வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு எம்.சி. (மருத்துவ விடுப்பு) உண்டு, இரண்டு வருடம் தாண்டினால் 18, ஐந்து தாண்டினால் 22. இருமலோடு வருகிறவருக்கு முழுச் சம்பளம், வீட்டில் இருப்பவருக்கு வெட்டு என்று வைத்திருக்கும் இல்லத்தில் கிருமியைப் பற்றிச் சுவரில் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அது சுவருக்குத்தான்.

கேள்வி: சின்ன இல்லம் ஒன்று நடத்துகிறேன். மருத்துவமனையிலிருந்து ஒரு பெரியவரை அனுப்பப் பார்க்கிறார்கள், சீட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று போட்டிருக்கிறது. வேலையாட்கள் பயப்படுகிறார்கள். முடியாது என்று சொல்லலாமா? சட்டம் என்ன?

பதில்: அந்தக் கிருமி சில மருந்துகளுக்கு அடங்காத ஒரு பாக்டீரியா, மூக்கிலும் தோலிலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். மருத்துவமனைக்குப் போய் வந்த உங்கள் ஆட்களில் சிலரிடம் ஏற்கெனவே இருக்கலாம், யாரும் சோதிக்காததால் சீட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். சீட்டோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டு சீட்டில்லாமல் வருகிறவரைச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. புண் இருக்கிறதா, நீர் வடிகிறதா, கட்டுக்குள் அடங்குகிறதா என்று மருத்துவமனையில் கேளுங்கள். டியூப் போட்டவர், ஆறாத புண் உள்ளவர் பக்கத்துக் கட்டிலில் அவரைப் போடாதீர்கள். துண்டு, ரேசர் தனி. தட்டு, டம்ளர் தனியாக வைக்கத் தேவையில்லை, வழக்கம்போல் கழுவினால் போதும். புண் மூடியிருந்தால், கை கழுவியிருந்தால் அவர் மற்றவர்களோடு ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். அறைக்குள் பூட்டி வைத்தால் அவர் கிருமியால் சாக மாட்டார், தனிமையால் சோறு இறங்காமல் போய்விடுவார்.

சட்டம் கேட்டீர்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ தங்க வைத்தால் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 506, சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். நர்சிங் கவனிப்பு தேவைப்படும் முதியோருக்கான தனியார் இல்லங்களைச் சுகாதார அமைச்சின் கீழ் கொண்டுவர 2018இல் சட்டம் 802 இயற்றப்பட்டது. உங்கள் இல்லம் எதில் சேரும் என்று இலாகாவிலேயே கேளுங்கள். இவை போக 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம், எண் 342. அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள நோய், காசம், உணவு நச்சு, டெங்கி போன்றவை, வந்தால் தெரிவிக்க வேண்டியது டாக்டர் மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த ஆளைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் அந்தக் கடமை உண்டு. நமக்குக் கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகம். பதியாத இல்லங்கள் போன் பண்ணவே பயப்படுகின்றன, நோய் வெளியே தெரிந்தால் இல்லத்தை மூடிவிடுவார்கள் என்று. அந்தப் பயத்தில் ஒரு வாரம் தள்ளிப்போகிறது, அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. பதிந்துவிடுங்கள்.

கேள்வி: யாரோ பிறந்தநாள் என்று இல்லத்துக்குப் பிரியாணி கொடுத்தார்கள். அப்புறம் வரிசையாக வாந்தி, பேதி. என் மாமனாருக்கு டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. இனிமேல் வெளிச் சாப்பாடே கூடாது என்று இல்லம் சொல்கிறது. நியாயமா?

பதில்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், யாருக்கு எப்போது வாந்தி என்பதை எழுதி வைத்திருக்கிறார்களா? சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே, சாப்பிட்டவர்களுக்கு மட்டும், ஒரே சமயத்தில் வந்தால் சாப்பாடுதான். காலையில் ஆக்கி, மூடிய பாத்திரத்தில் மதியம் தாண்டி வைத்த சோறும் கறியும் நம் ஊர் சூட்டில் அதைத்தான் செய்யும். சாப்பிடாதவருக்கும் சேர்த்து, இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று, மறுநாள் வேலைக்காரப் பெண்ணுக்கு என்று வரிசையாக வந்தால் அது பெரும்பாலும் நோரோவைரஸ், பிரியாணி மேல் பழி போட்டுவிட்டு உண்மையான வழியை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் "வரிசையாக" என்று எழுதியதால் கேட்கிறேன்.

அந்த வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வாந்தி எடுத்த இடத்தை மாப்பு போட்டு இழுத்து வீடு முழுக்கப் பூசாதீர்கள், முதலில் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு டிஷ்யூவால் அள்ளிப் பையில் கட்டி, அப்புறம் குளோராக்ஸ் கரைசல். கடையில் விற்கும் 5 சதவீதத்துப் பிளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊற வேண்டும். கதவுப் பிடி, கட்டில் கம்பி, கக்கூஸ் பிளஷ் ஆகியவற்றைத் தினமும் துடைக்க 50 பங்கில் ஒரு பங்கு போதும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். கக்கூஸ் கழுவும் அமிலத்தோடு சேர்த்தால் நச்சுப் புகை வரும், சேர்க்கவே கூடாது. வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆகும் வரை வேலையாள் வரக்கூடாது, சமையல்காரர் என்றால் சமையலறைப் பக்கமே கூடாது. ஒரே நாளில் இரண்டு பேருக்கு மேல் வந்தாலே சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும், உங்கள் மாமனார் டிரிப் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு நீர் வற்றுவது சீக்கிரம், பிரஷர் மாத்திரை, இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து, அன்றைக்கே டாக்டரைக் கேட்டு மாத்திரையை முடிவு செய்ய வேண்டும்.

வெளிச் சாப்பாட்டை மொத்தமாகத் தடுப்பது எனக்குச் சம்மதமில்லை. கோயில் பொங்கலும் பிள்ளை கொண்டுவரும் மீன் கறியும் இல்லாமல் அவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது? சூடாக வந்து, வந்த உடனே பரிமாறி, மிச்சத்தைக் கொட்டிவிடுவது என்று விதி வைத்தால் போதும்.

கேள்வி: அப்பாவுக்கு மூத்திர டியூப். மூத்திரம் கலங்கலாக, நாற்றமாக இருக்கிறது என்று மாதாமாதம் இல்லத்தில் ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை. டியூப் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருடைய மூத்திரத்திலும் கிருமி இருக்கும். காய்ச்சல், நடுக்கம், வயிற்று வலி, திடீர் குழப்பம் என்று எதுவும் இல்லாமல் நிறத்துக்காக மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கிறோம். பை மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, காலி செய்யும் குவளை ஆளுக்கு ஒன்று. டியூப் இன்னும் தேவையா என்று அடுத்த முறை கிளினிக்கில் கேளுங்கள், போட்டவர் மறந்தே போயிருப்பார்.

கேள்வி: எங்கள் பாட்டி மூன்று வாரமாக இருமுகிறார், இளைத்துவிட்டார். இல்லத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்ணால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளை நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: முதலில் பாட்டியைக் கூட்டிப்போங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலும் இளைப்பும் இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தே ஆக வேண்டும். அதுவரை ஜன்னல் திறந்த தனி அறை, மாஸ்க். காசமாகவே இருந்தாலும் மருந்து உண்டு, வழக்கமாக ஆறு மாதம்.

அந்தப் பெண்ணைப் பற்றி. முறையாக பெர்மிட்டோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளி, அவர்களுக்குக் கட்டாயமான ஃபோமெமா உடல் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பார். உள்ளூர் வேலையாளுக்கு யார் எக்ஸ்ரே எடுத்தார்கள்? வயதானவர்களுக்கு வரும் காசம் பல நேரம் புதிதாக ஒட்டியதே அல்ல, இளவயதில் தோட்டத்தில் நெரிசலான லயத்து வீட்டில் வாங்கி உள்ளே உறங்கிக்கிடந்த கிருமி, உடம்பு தளர்ந்ததும் எழுந்திருக்கிறது. பாட்டிக்குக் காசம் என்று தெரிந்தால் பரிசோதிக்கப்பட வேண்டியவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி, பாட்டியைத் தினமும் தூக்கிப் பராமரிப்பவள் அவள்தானே. வேலையை விட்டு நிறுத்தினால் பரிசோதனைக்கும் வர மாட்டாள்.

கேள்வி: தீபாவளிக்கு இல்லத்துக்குள் விட மாட்டார்களாம், புளூ பரவுகிறதாம். முறுக்கு கூடக் கொண்டுபோகக் கூடாதா?

பதில்: இல்லத்துக்குள் புளூ நடந்துகொண்டிருந்தால் சில நாள் வருகையைக் குறைக்கச் சொல்வது நியாயம். வெளியே பரவுகிறது என்பதற்காகக் கதவையே சாத்துவது நியாயமில்லை, ஏனென்றால் வேலையாட்கள் தினமும் அதே பாசாருக்கு (சந்தைக்கு) போய்விட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அவர்களும் பெரியவர்களும் வருடா வருடம் புளூ ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், போடாவிட்டால் அரசாங்க கிளினிக்கில் விசாரிக்கச் சொல்லுங்கள். உங்களில் சளி, காய்ச்சல் இருப்பவர் வீட்டில் இருங்கள், மூக்கு ஒழுகும் பேரனை போனில் காட்டுங்கள். மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராக, கை கழுவிவிட்டு, முடிந்தால் வெளி வராந்தாவில் உட்காருங்கள். இன்னொன்று, பெரியவர்களுக்கு புளூ வந்தால் காய்ச்சல் அடிக்காமலே இருக்கலாம், 37.8 டிகிரியே அவர்களுக்குக் காய்ச்சல்தான். திடீரென்று சாப்பிட மறுக்கிறார், உளறுகிறார், விழுகிறார் என்றால் வயசு என்று விட்டுவிடாமல் இல்லத்தாரிடம் சொல்லுங்கள்.

முறுக்கு தாராளமாகக் கொண்டுபோங்கள், அது கெடாது. பல் இருக்கிறவருக்கு மட்டும் கொடுங்கள், மற்றவர்களுக்கு அதிரசம்.